விழுவதெல்லாம் ஏன் கீழேயே விழுகிறது?
(தொடக்கப் பள்ளித் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆறு சோதனைகள்)

  

இந்த மாத அறிவியல் பக்கத்தில் புவியீர்ப்பு விசையைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். "அதான் பாடத்திலேயே இருக்கே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இருக்கிறது. மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, கல்லைத் தூக்கிப் போட்டா ஏன் திரும்பக் கீழயே வருது?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "புவியீர்ப்பு விசைடா தம்பி" என்போம். அது பெயர்தானே! காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்டால் "காய்ச்சலால்தான் வந்தது" என்று சொல்வது மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயம் நமக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், சின்னப் பிள்ளைக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆறு சோதனைகள். எதற்கும் லேப் தேவையில்லை. கல், தாள், நூல், முட்டை ஓடு, நெல், வாழைமட்டை போதும். எல்லாம் நம்ம ஊரில் சும்மா கிடைப்பவை.

சொல்லிக் கொடுக்கப் போகும் முன்...

மூன்று விதிகளை மறக்காதீர்கள்.

1. முதலில் அவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். "எது முதல்ல விழும்? கை தூக்குங்க" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள்.
2. பிறகு அவர்களே செய்யட்டும். நாம் செய்து காட்டினால் அவர்களுக்கு அது வேடிக்கை. அவர்கள் செய்தால்தான் பாடம்.
3. 'புவியீர்ப்பு விசை' என்ற சொல்லை முதல் சோதனை முடியும் வரை சொல்லவே கூடாது. சொல்லை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சோதனை 1: காந்தமா, பூமியா?

தேவையான பொருட்கள்: ஒரு காந்தம், குண்டூசி, சாக்பீஸ், ரப்பர், இலை, கூழாங்கல்.

செய்முறை: காந்தத்தை ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் கொண்டு போகச் சொல்லுங்கள். குண்டூசி மட்டும்தான் ஒட்டும். இப்போது அதே பொருட்களை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து விடச் சொல்லுங்கள். எல்லாமே தரைக்குப் போகும்.

விளக்கம்: "பூமி பெரிய காந்தமா அக்கா? அதான் இழுக்குதா?" என்று எப்படியும் ஒரு பாப்பா கேட்கும். இந்தச் சோதனைதான் பதில். காந்தம் இரும்பு போன்ற சில பொருட்களை மட்டுமே இழுக்கும். பூமியோ கல், இலை, தண்ணீர், நாம், நிலா என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் இழுக்கிறது. எடை உள்ள எதுவும் தப்ப முடியாது. இந்த இழுப்புக்குத்தான் புவியீர்ப்பு விசை என்று பெயர். இப்போது சொல்லலாம்!

நிலாவைப் பிடித்து வைத்திருப்பதும், மாங்காயைக் கீழே இழுப்பதும் ஒரே விசைதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஐசக் நியூட்டன். அந்தப் புத்தகம் வெளிவந்த ஆண்டு 1687.

சோதனை 2: கல்லும் தாளும்

தேவையான பொருட்கள்: ஒரு சின்னக் கல், ஒரு பெரிய கல், இரண்டு வெள்ளைத் தாள், ஒரு நோட்டுப் புத்தகம்.

செய்முறை: (அ) கல்லையும் விரித்த தாளையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விடுங்கள். கல் முதலில் விழும். "பாத்தீங்களா, கனமானதுதான் வேகமா விழும்!" என்று எல்லோரும் கத்துவார்கள். கத்தட்டும்.

(ஆ) இப்போது தாளை நன்றாகக் கசக்கி உருண்டையாக்கி மறுபடி விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். தாளின் எடை கூடியதா? இல்லையே! அப்படியானால் மாறியது என்ன?

(இ) நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னதாக ஒரு தாளைக் கிழித்து, புத்தகத்தின் மேல் படிய வையுங்கள். புத்தகத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து விடுங்கள். தாளும் புத்தகத்தோடு சேர்ந்தே விழும்.

(ஈ) கடைசியாகச் சின்னக் கல்லையும் பெரிய கல்லையும் ஒன்றாக விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 'டப்' என்று ஒரே சத்தம்தான் கேட்கும். (கால் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்! கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.)

விளக்கம்: விரித்த தாளைத் தாமதப்படுத்தியது காற்று. காற்றை விலக்கிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி வேகமெடுத்து விழும். "பெரிய கல்லை பூமி அதிகமா இழுக்கும்தானே?" என்று கெட்டிக்காரப் பையன் கேட்பான். சரிதான், அதிகமாகத்தான் இழுக்கிறது. ஆனால் பெரிய கல்லை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். ஒற்றை மாட்டு வண்டியில் பத்து மூட்டை, இரட்டை மாட்டு வண்டியில் இருபது மூட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றாகத்தானே போகும்? அதே கணக்குதான்.

கனமானதுதான் வேகமாக விழும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதைச் சுமார் 1900 ஆண்டுகள் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இத்தாலியின் கலிலியோ (1564–1642) சாய்வான பலகையில் உருண்டைகளை உருட்டி, நேரத்தை அளந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஆகவே தம்பி தங்கைகள் தப்பாக ஊகித்தால் அவர்கள் அரிஸ்டாட்டில் கட்சி! அவ்வளவுதான்.

தெரிந்து கொள்வோம்!
* 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலாவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாக விட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.
* "நிலாவில் ஈர்ப்பு விசையே கிடையாது" என்பது தவறு. பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு உண்டு. இங்கே 30 கிலோ இருக்கும் ஒரு தங்கை அங்கே 5 கிலோ மாதிரி உணர்வாள்.
* 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவில் மெதுவாக இறங்கியது. காற்று இல்லாததால் அங்கே பாராசூட் பயன்படாது. நிலாவின் இழுப்பை எதிர்த்து இன்ஜினை இயக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தைச் சேர்ந்தவர்.

சோதனை 3: கொத்தனார் குண்டு

தேவையான பொருட்கள்: நூல், கல், களிமண் உருண்டை, நாலைந்து தீக்குச்சி.

செய்முறை: நூலில் கல்லைக் கட்டித் தொங்க விடுங்கள். வீடு கட்டும் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இதுதான். சுவர், தூண், கரும்பலகை, தென்னை மரம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடித்து, எது நேராக இருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு களிமண் உருண்டையைப் பூமி என்று வைத்துக்கொண்டு, தீக்குச்சிகளைச் சுற்றிலும் மனிதர்களாகக் குத்துங்கள்.

விளக்கம்: "அமெரிக்காக்காரங்க தலைகீழாவா நிக்கிறாங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உருண்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஒவ்வொரு தீக்குச்சியின் காலும் உருண்டையின் நடுவைத்தான் பார்க்கிறது. 'கீழே' என்றால் பூமியின் மையத்தை நோக்கி என்று பொருள். தஞ்சாவூரில் தொங்கும் நூலும் அமெரிக்காவில் தொங்கும் நூலும் அந்த மையத்தைத்தான் காட்டும். யாருமே தலைகீழாக நிற்கவில்லை.

சோதனை 4: நம்ம ஊர் தலையாட்டி பொம்மை

தேவையான பொருட்கள்: முட்டை ஓடு, மணல், மெழுகுவர்த்தி, கலர் பேப்பர், கோந்து.

செய்முறை: முட்டையின் கூர்முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கழுவிக் காய வையுங்கள். வெறும் ஓட்டை நிற்க வைத்துப் பாருங்கள், படுத்துக்கொள்ளும். இப்போது இரண்டு ஸ்பூன் மணலைப் போட்டு, ஓட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, உருக்கிய மெழுகை மணல் மேல் ஊற்றி ஆற விடுங்கள். (மெழுகு உருக்கும் வேலை ஆசிரியருடையது. சின்னப் பிள்ளைகள் தொடக் கூடாது.) மேலே கண், மூக்கு வரைந்து கலர் பேப்பரில் தொப்பி ஒட்டுங்கள். தள்ளிப் பாருங்கள். ஆடி ஆடி எழுந்து நிற்கும்!

விளக்கம்: ஒரு பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பது போல் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்குப் பெயர் ஈர்ப்பு மையம். நம் பொம்மையில் அது அடியில் இருக்கிறது. பொம்மையைச் சாய்க்கும்போது அந்தப் புள்ளி கொஞ்சம் மேலே எழும்புகிறது. கையை எடுத்ததும் பூமி அதை மறுபடி கீழே இழுக்கிறது. அதனால் பொம்மை நிமிர்கிறது. தள்ளுவது நாம், நிமிர்த்துவது பூமி!

தஞ்சாவூர் பொம்மை செய்பவர்கள் அடிப்பாகத்தைக் கனமாகவும் உருண்டையாகவும், மேல்பாகத்தை லேசாகவும் செய்வது இதற்காகத்தான். இந்தப் பொம்மைக்கு 2008-09ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

1010ஆம் ஆண்டு ராஜராஜ சோழன் கட்டி முடித்த பெரிய கோயில் விமானத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். சுமார் 216 அடி உயரம். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல். எடையின் பெரும்பகுதி கீழே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது. இதற்கு நேர் எதிர், உச்சி வரை வைக்கோல் ஏற்றிய டிராக்டர். எடை மேலே ஏறிவிடுவதால் திருப்பத்தில் ஆடும். அதன் பக்கத்தில் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

சோதனை 5: நெல்லும் பதரும்

தேவையான பொருட்கள்: பதர் கலந்த நெல் ஒரு படி, முறம், டேபிள் ஃபேன் (கரண்ட் இல்லையென்றால் காற்று அடிக்கும் திடல்).

செய்முறை: முறத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, காற்றுக்குக் குறுக்கே நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய விடுங்கள். நெல் காலடியில் குவியும். பதர் தள்ளிப் போய் விழும்.

விளக்கம்: "பதரை மட்டும் பூமி இழுக்கலையா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள். இழுக்கத்தான் செய்கிறது, பதரும் கடைசியில் தரைக்குத்தானே வருகிறது! ஆனால் அது லேசு. அதனால் விழுகிற நேரத்தில் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நெல் கனம், காற்றால் அவ்வளவு தள்ள முடியவில்லை. களத்தில் நம் அப்பா, அம்மா தூற்றுவதும் இதுதான். கதிர் அறுக்கும் மெஷினுக்கு உள்ளே சுற்றும் விசிறி செய்வதும் இதுதான். இரண்டாவது சோதனையில் பார்த்த காற்றின் தடையை நம்ம ஊர் விவசாயிகள் எப்போதோ வேலைக்கு வைத்துவிட்டார்கள்!

சோதனை 6: வாழைமட்டை வாய்க்கால்

இதுதான் நமக்கு ரொம்ப முக்கியமான சோதனை.

தேவையான பொருட்கள்: நீளமான நேரான வாழைமட்டை, நோட்டுப் புத்தகங்கள், ஒரு செம்பு, ஒரு டம்ளர், கொஞ்சம் களிமண், கிழிந்த பிளாஸ்டிக் கவர்.

செய்முறை: (அ) வாழைமட்டையைச் சமதரையில் வைத்து நடுவில் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும், இரண்டு பக்கமும் கொஞ்சம் வழியும்.

(ஆ) ஒரு முனைக்கு அடியில் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மறுமுனைக்கு அடியில் சின்னப் பள்ளம் தோண்டி டம்ளரை வையுங்கள். மேல்முனையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். யாரும் தள்ளாமலே தண்ணீர் ஓடி வந்து டம்ளரை நிரப்பும்.

(இ) இப்போது மட்டையின் நடுவில் விரல் உயரத்துக்கு ஒரு களிமண் திட்டு வைத்து, கவரையும் அதில் சிக்க வையுங்கள். மறுபடி அதே செம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். திட்டுக்கு மேல்பக்கம் குளமாகும், ஓரத்தில் வழிந்து வீணாகும். டம்ளருக்கு எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள்.

விளக்கம்: தண்ணீருக்குக் கால் கிடையாது. பூமி இழுக்கும் பக்கம்தான் அது போகும். மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பார்கள். தண்ணீர் போதாத வருஷங்களில் தள்ளிப் போகும். அங்கிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. இந்த ஆறுகளை ஓட வைக்க எங்கேயாவது மோட்டார் பார்த்திருக்கிறீர்களா? கிடையாது. எல்லாம் சரிவின் வேலை.

அந்தச் சரிவு எவ்வளவு தெரியுமா? ஒரு கணக்குப் போடுவோம். தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். கடற்கரையில் உள்ள நாகப்பட்டினம் சுமார் 80 கிலோமீட்டர் தூரம். 60ஐ 80ஆல் வகுத்தால் 1 கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர். அப்படியானால் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு வராண்டாவுக்கு எவ்வளவு? முக்கால் சென்டிமீட்டர்! அதாவது ஒரு பென்சிலின் தடிமன். ஆறு வளைந்து வளைந்து போவதால் உண்மையான சரிவு இன்னும் குறைவு.

வராண்டாவின் ஒரு முனையில் பென்சில் கனம்தான் மேடு. அந்தச் சரிவை நம்பித்தான் டெல்டா முழுக்க நடவு நடக்கிறது. மலைப்பக்கத்து ஓடையில் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் தாண்டிக் குதித்துப் போய்விடும். நம்ம வாய்க்காலில் அப்படி முடியாது. ஒரு முழம் வண்டல் படிந்தாலும், வெங்காயத்தாமரை அடைத்தாலும், மதகில் பிளாஸ்டிக் கவர் சிக்கினாலும் சரிவு செத்துப்போகும். தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் நிற்கும். கடைமடைக்காரர் நாற்று காயும். அணை திறந்த செய்தி பேப்பரில் வந்திருக்கும், தண்ணீர் மட்டும் வந்திருக்காது. தூர் வாருவது இந்தப் பென்சில் கனத்தைக் காப்பாற்றத்தான்.

வயலில் பரம்பு அடிப்பதும் இதே பாடம்தான். தேங்கிய தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். வயலில் மேடு இருந்தால் அந்த இடம் மட்டும் காய்ந்து களை முளைக்கும். அதனால்தான் நடவுக்கு முன் பரம்பு அடித்துச் சமமாக்குகிறார்கள். வாய்க்கால் பள்ளமாகவும் வயல் மேடாகவும் இருந்தால் இன்ஜின் வைத்து இறைக்க வேண்டும். அந்த டீசல் காசு, பூமியின் இழுப்பை எதிர்ப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி. சரிவில் வரும் தண்ணீருக்குக் கூலி இல்லை!

ஜாக்கிரதை!

விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும், விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். 15 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் ஒன்றே முக்கால் விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். "விழுந்தா ஓடிடலாம்" என்று நினைக்காதீர்கள். ஒன்றே முக்கால் விநாடியில் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. தென்னை மரத்தடியில் உட்கார்ந்து படிக்க வேண்டாம். மாடியிலிருந்து சாக்பீஸ்கூடக் கீழே எறிய வேண்டாம். இதைத் தம்பி தங்கைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நினைவில் கொள்க

* பூமி எல்லாப் பொருட்களையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது.
* காற்று தடுக்காவிட்டால் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும்.
* ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் பொருள் எளிதில் கவிழாது.
* தண்ணீர் சரிவு இருக்கும் பக்கம்தான் ஓடும். நம் ஊர்ச் சரிவு மிக மிகக் குறைவு.

யோசித்து விடை எழுதுங்கள்!

1. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடி போட வேண்டாம். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும். அந்தப் பாட்டிலை உயரத்திலிருந்து அப்படியே விட்டால், அது விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் தண்ணீர் பீச்சுமா, நிற்குமா? ஏன்? (குறிப்பு: சோதனை 2ஐ மறுபடி படிக்கவும்.)
2. பூமி நிலாவையும் இழுக்கிறது என்றால், நிலா ஏன் நம் தலையில் விழவில்லை?
3. உங்கள் வீட்டு வயலுக்கோ தெருவுக்கோ தண்ணீர் வரும் வாய்க்காலில் எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறது? போய்ப் பார்த்து ஒரு படம் வரைந்து வாருங்கள். பெரியவர்கள் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் நல்ல படங்கள் அடுத்த இதழில் இதே சுவரில் ஒட்டப்படும். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு வரும்போது அவர்களும் பார்க்கட்டும். தூர் வாரும் நேரத்தில் உதவும்.



– அறிவியல் மன்றம், எட்டாம் வகுப்பு